நாய் இழுக்கும் பனிவண்டி: கேள்வி பதில்

கேள்வி: ஆறு நாய்களை எந்த வரிசையில் பூட்டுவது? வேகமானதை முன்னால் விடலாமா?

பதில்: வேகத்தைப் பார்க்காதீர்கள், சொல் கேட்கிற நாயை முன்னால் விடுங்கள். 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம் திரும்பத் தெரிந்தால் மட்டும் போதாது. வண்டி நிற்கும்போது, எல்லா நாய்களையும் வண்டியோடு இணைக்கும் நடுக்கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். முன்நாய் உங்களிடம் திரும்பி ஓடிவந்தால் எல்லாக் கயிறும் சிக்கிக்கொள்ளும். நாய்ச்சண்டையும் கால்காயமும் பெரும்பாலும் அந்தச் சிக்கலில்தான் தொடங்கும். வண்டியை ஒட்டிய ஜோடிக்கு உடல்கட்டும் நிதானமும் வேண்டும், திருப்பத்தில் பாரம் அவற்றின்மேல்தான் விழும். புது நாயை நடுவில், அனுபவமுள்ள நாய்க்குப் பக்கத்தில் பூட்டுங்கள்.

கேள்வி: பூட்டி முடிப்பதற்குள் வண்டியைப் பறித்துக்கொண்டு ஓடப் பார்க்கின்றன.

பதில்: முதல் நாயைக் கொண்டுவரும் முன்பே வண்டியை ஒரு மரத்தில் கட்டிவிடுங்கள். ஒரே இழுப்பில் கழலும் கட்டாக இருக்கட்டும். பனிக்கொக்கி வழியில் நிறுத்துவதற்கு. அதைக் காலால் மிதித்து இறுகிய பனியில் இறக்கினால்தான் பிடிக்கும், தூள்பனியில் உருவிக்கொண்டு வந்துவிடும். வண்டி கவிழ்ந்தாலும் கைப்பிடியை விடாதீர்கள். ஆளில்லாத வண்டிக்குப் பிரேக் இல்லை. இறக்கத்தில் அது பின்நாய்களை மோதும். உங்கள் உணவும் படுக்கையும் அதோடு போய்விடும்.

கேள்வி: நாய்களுக்குக் காலுறை அவசியமா?

பதில்: சொரசொரப்பான பனியிலும், விரலிடுக்கில் பனி உருண்டை கட்டும் நாய்களுக்கும் அவசியம். ஆறு நாய்க்கு 24 வேண்டும். கழன்று விழும், கிழியும், அதனால் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் உறைந்து புண்ணாகும். ஓய்வுக்கு நிறுத்தியதும் கழற்றிவிட்டு ஒவ்வொரு பாதத்தையும் விரல்விட்டுப் பாருங்கள். இந்த வேலையில் சோம்பல் கூடவே கூடாது.

கேள்வி: பனியைக் கவ்வித் தின்கின்றனவே, தண்ணீர் தனியாகத் தர வேண்டுமா?

பதில்: கட்டாயம். அந்த வாய்ப்பனி தாகத்துக்குப் போதாது. வெதுவெதுப்பான நீரில் இறைச்சியோ மீனோ கலந்தால் வாசனைக்காகவே குடித்துவிடும். பனியை உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் அடி தீயும். நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடும் நாய் ஒரு நாளில் சுமார் 10,000 கிலோகலோரி எரிக்கும்; அதில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்து வர வேண்டும்.

கேள்வி: எவ்வளவு குளிர் தாங்கும்?

பதில்: வெப்பத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக ஓடும். பூஜ்ஜியத்தை நெருங்கினால் வேகத்தைக் குறைத்து, இரவில் ஓட்டுங்கள்.

கேள்வி: உறைந்த ஆற்றின்மேல் போகலாமா?

பதில்: பனிக்கட்டி தடிமனாக இருந்தாலும் விரிசல் வழியே நீர் மேலேறி, மேற்பனிக்கு அடியில் உறையாமல் தேங்கியிருக்கும். மேற்பனி போர்வைபோல் மூடியிருப்பதால் கடுங்குளிரிலும் அது நீராகவே நிற்கும். சாம்பல் நிறத்தில் அமுங்கித் தெரியும் இடத்தைச் சுற்றிப் போங்கள். நனைந்துவிட்டால் உடனே காய்ந்த தூள்பனியில் காலை அமுக்கிப் புரட்டுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும். அடுத்து நாய்களின் நனைந்த காலுறைகளைக் கழற்றுங்கள், பிறகு உங்கள் காலுறையை மாற்றுங்கள்.