தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் ஏன் நிதி வேண்டும்?

கால்நடை மேய்ச்சலோ தனியார் உரிமையோ இல்லாமல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் பகுதிதான் தேசியப் பூங்கா. சரி, அறிவித்தாயிற்றே, பணம் எதற்கு?

நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவைப் பாருங்கள். வரையாடு மேயும் புல்வெளி. மழைக்குப் பிறகு மிதித்தால் பஞ்சுபோல அழுந்தும். அந்த ஈரம்தான் ஓடைகளாகக் கசிகிறது. வெளிநாட்டுச் சீகை மரம் (வாட்டில்) அந்தப் புல்லை மூடுகிறது. வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கும். கன்றுகளைப் பிடுங்க ஆண்டுதோறும் ஆட்கள் வேண்டும், அப்புறம் காவலர்களுக்குச் சம்பளம். பத்திரம் கையில் இருந்தால் வீடு ஒழுகாதா? ஓடு மாற்றத்தானே வேண்டும்.

வரையாட்டுக்காகத் தமிழக அரசு 2022இல் சுமார் 25 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்தது. அது தொடர வேண்டும்.

“காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்” என்பார்கள். அந்தச் சீகையை நட்டதே மனிதர்கள்தான், தானாகப் போகாது.