செம்பனைத் தோட்டத்துக்குள் ஜிபிஎஸ் மட்டும் போதாதா?

மலேசியாவின் குளுவாங் பக்கம் ரயில் பாதை சர்வே வேலைக்குப் போகும் தம்பி ஒருவரின் கேள்வி இது.

போதாது, தம்பி. செம்பனை மட்டைகள் செயற்கைக்கோள் சிக்னலை மறைக்கும், சிதறடிக்கும். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் இடம் தள்ளியிருக்கலாம். திறந்த வெளியில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது மற்ற அளவுகளுக்கு அடிப்படையாகும் இடங்களை, ஜிபிஎஸ்ஸில் பிடியுங்கள். அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) உள்ளே அளந்துபோய், வேறொரு ஜோடிப் புள்ளியில் முடித்துச் சரிபாருங்கள். அப்படி முடிக்காத அளவை நான் நம்பவே மாட்டேன்.

அளவை அடிக்கடி கெடுப்பது பிரிசம் மாறிலி, அதாவது டோட்டல் ஸ்டேஷனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்காகக் கருவியில் போடும் திருத்த எண். வேறு வகைப் பிரிசத்தை மாட்டிவிட்டு எண்ணை மாற்றாவிட்டால், ஒவ்வொரு தூரமும் 30 மில்லிமீட்டருக்கு மேலும் பிசகலாம். கருவியில் காற்றின் வெப்பநிலையை 10 பாகை செல்சியஸ் தவறாகப் போட்டால் 1 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் போய்விடும்.

லெவல் எடுக்கையில், அதாவது உயரம் அளக்கையில், பின்பார்வையும் (உயரம் தெரிந்த புள்ளியை நோக்கியது) முன்பார்வையும் (அடுத்த புள்ளியை நோக்கியது) சம தூரத்தில் இருக்கட்டும். உச்சி வெயிலில் தரையை ஒட்டிப் பார்க்காதீர்கள், கானல் அலையும். மண் வெட்டும் இயந்திரம், புள்ளியைக் குறிக்கும் ஆப்பைத் தட்டிவிடும். அதை மீண்டும் அதே இடத்தில் வைக்க, வேலை எல்லைக்கு வெளியே துணை ஆப்புகள் அடித்து வையுங்கள்.