போரே இல்லாமல் காட்டிய படைபலம்

மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்கள் ரோமானியப் படைபலத்தை எப்படிக் காட்டின என்று கேட்டிருக்கிறீர்கள். போர்க்காட்சிகளாக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் எனக்குப் பிடித்த உதாரணமான ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ வேறு மாதிரி.

இத்தாலியின் மாந்துவா அரசவைக்காக ஓவியர் மாந்தேன்யா 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையத் தொடங்கிய ஒன்பது பெரிய ஓவியங்கள் அவை. 1599இல் அச்சுக் கலைஞர் ஆந்திரேயானி அவற்றை மரக்கட்டை அச்சுகளாக வெளியிட்டார். கம்புகளில் தொங்கும் எதிரிகளின் கவசங்கள், குவியல் குவியலாகக் கேடயங்கள், எக்காளங்கள், யானைகள், கைதிகள். கடைசியில்தான் தேரில் சீசர். தோற்றவனிடம் பறித்தது எவ்வளவோ, அவ்வளவு ஜெயித்தவனின் பலம். அதுதான் கணக்கு.

அந்த அச்சுகளில் ஒரே படத்துக்குப் பல மரக்கட்டைகள்: ஒன்று கோடுகளுக்கு, மற்றவை நிழலின் அடர்த்திக்கு. அதனால் உருவங்கள் புடைப்புச் சிற்பம் போலத் தெரியும். அப்புறம், மூல ஓவியங்களின் இருப்பிடம் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை.