200 மில்லி குட்டிப் போத்தல் ஸ்பார்க்ளிங் வைன் எத்தனை பேருக்குக் காணும்? நுரை பொங்காமல் எப்படி ஊற்றுவது?

“அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வருகிறார்கள், குட்டிப் போத்தலாக வாங்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் ஊற்றினால் பாதி நுரையாகப் போகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஜேர்மனியில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடமாகப் பரிமாறும் வேலை செய்கிறேன். இந்த 200 மில்லி போத்தலை இங்கே பிக்கோலோ என்பார்கள். நாளாந்தம் என் கையில் புழங்குகிற சாமான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு பிக்கோலோ இரண்டு பேருக்குக் காணும். மூன்று பேருக்குப் பங்கிட வேண்டாம். ஆளுக்கு இரண்டு மிடறுதான் வரும், அதுவும் ஊற்றி முடிப்பதற்குள் சூடேறிவிடும்.

இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே உணவகங்களில் ஸெக்ட் (ஜேர்மன் ஸ்பார்க்ளிங் வைனுக்கு அதுதான் பெயர்) பெரும்பாலும் 0.1 லீற்றர் அளவில் விற்கப்படும். அந்த அளவுக்கான கோடு கிளாஸிலேயே போட்டிருக்கும். நுரை அடங்கிய பிறகு வைன் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், நுரையைக் கணக்கில் சேர்க்க முடியாது. நீளமான கிளாஸில் அந்தக் கோடு பாதி உயரத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். நம்மவர்கள் பார்த்துவிட்டு “என்ன, அரைக் கிளாஸ்தானா?” என்று கேட்பார்கள். மேலே உள்ள இடம் நுரை எழும்பவும் வாசம் தங்கவும் வேண்டும். விளிம்புவரை நிரப்பிய கிளாஸைத் தூக்கி வாழ்த்துச் சொன்னால் பட்டுச் சேலையில்தான் கொட்டும்.

இங்கிலாந்தில் பல இடங்களில் 125 மில்லி ஊற்றுவார்கள். அப்படி ஊற்றினால் ஒரு கிளாஸ் போக 75 மில்லி மிஞ்சும், அது இன்னொருவருக்குக் காணாது. அமெரிக்காவில் குட்டிப் போத்தலே பெரும்பாலும் 187 மில்லிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்பார்க்ளிங் வைனுக்கு 125, 200, 375, 750, 1500 மில்லி என்று ஐந்து அளவுகள் விதித்திருக்கிறார்கள். கடையில் 375 மில்லி கிடைத்தால் அதில் 125 மில்லியாக மூன்று கிளாஸ் சரியாக வரும்.

ஆனால் நாற்பது பேருக்குப் பிக்கோலோ வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். இருபது போத்தல் வேண்டும், இருபது மூடி திறக்க வேண்டும். 750 மில்லி போத்தலில் 100 மில்லியாக ஏழு கிளாஸ் வரும். ஆறு போத்தலில் நாற்பத்திரண்டு. வரியால்தான் சின்னப் போத்தல் விலை கூட என்று சிலர் நினைக்கிறார்கள். 1902இல் பேரரசரான கைசரின் கடற்படைக்குப் பணம் சேர்க்க ஜேர்மனியில் கொண்டுவந்த ஸெக்ட் வரி இன்றும் இருக்கிறது. அது அளவுக்கு ஏற்றபடிதான்: பெரிய போத்தலுக்கு 1.02 யூரோ, பிக்கோலோவுக்கு ஏறத்தாழ 27 சதம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு கண்ணாடிக்கும் மூடிக்கும் அடைக்கிற வேலைக்கும்தான் போகிறது.

பிக்கோலோ தனியாள் போத்தல். ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு எங்களிடம் வரும் ஒரு மூதாட்டி எப்போதும் ஒன்று கேட்பார். பாதியை ஊற்றிக் கொடுத்து, மூடியைத் திரும்பத் திருகி, ஐஸ் வாளியில் வைத்துவிட்டு வருவேன். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை ஊற்றும்போதும் குமிழி அப்படியே ஓடும். பெரிய போத்தலைத் திறந்து ஒருவருக்கு அந்தச் சுகத்தைக் கொடுக்க முடியாது.

இனி ஊற்றும் விஷயம். என் தொடக்க மாதங்களில் ஒரு கலியாண வரவேற்பில், கழுவும் மெஷினிலிருந்து எடுத்த கிளாஸ்களை ஆறவிடாமல் தட்டில் அடுக்கி ஊற்றினேன். சூட்டுக் கண்ணாடியில் பட்டதும் வைன் வெள்ளையாகப் பொங்கித் தட்டெல்லாம் வழிந்தது. நுரை அடங்கியபோது ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு விரல் உயரம்தான் மிஞ்சியது. போத்தல் கணக்கு பிழைத்துவிட்டது. வாழ்த்துச் சொல்லும் நேரம் பெண்ணின் தாய் தகப்பன் கையில் கிளாஸ் இல்லாமல் நின்றார்கள். அது இன்றும் எனக்கு மனவருத்தம். எனவே கிளாஸ் வடிவாக ஆறியிருக்க வேண்டும், சவர்க்காரம் போக அலசியிருக்க வேண்டும். போத்தல் 6 முதல் 8 பாகை வரை குளிர்ந்திருக்க வேண்டும். குளிர் குறையக் குறைய வாயு கெதியாக வெளியேறும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பிக்கோலோ கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும்.

ஊற்றும்போது கிளாஸைச் சரித்துப் பிடித்து, பியர் ஊற்றுவதுபோல் சுவர் வழியாக மெல்ல விடுங்கள். பிரான்சில் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷெரார் லிஷே-பெலேரும் கூட இருந்தவர்களும் 2010இல் இதை அளந்தே பார்த்தார்கள்: நேராகக் கொட்டுவதைவிடச் சரித்து ஊற்றினால் ஷாம்பெயினில் வாயு கூடுதலாகத் தங்குகிறது. குட்டிப் போத்தலில் இது இன்னும் முக்கியம். ஐரோப்பியச் சட்டப்படி தரமான ஸ்பார்க்ளிங் வைனுக்குக் குறைந்தது 3.5 பார் அழுத்தம் வேண்டும். 250 மில்லிக்குக் குறைந்த போத்தலுக்கு 3 பார் போதும். தொடக்கத்திலேயே வாயு குறைவாக இருக்கக்கூடும், இருப்பதையும் ஊற்றும்போது தொலைக்கக் கூடாது.

முதலில் இரண்டு விரல் உயரம் விட்டு நிறுத்துங்கள். நுரை எழும்பி, ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் விட்டுத் தானாக இறங்கும். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு மிச்சத்தை விடுங்கள். ஈரமான நனைந்த கிளாஸில் இரண்டாவது தரம் நுரை அவ்வளவாக எழும்பாது. போத்தலின் கழுத்து ஒடுக்கம் என்பதால் ஒரேயடியாகக் கவிழ்த்தால் குளுக் குளுக்கென்று விழுந்து பொங்கும். அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள்.

வண்டி ஓட்டி வருபவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 11 சதவீத ஸெக்டில் ஒரு முழு பிக்கோலோ குடித்தால் ஏறத்தாழ 17 கிராம் மதுசாரம் உள்ளே போகிறது. ஜேர்மனியில் 21 வயதுக்குக் குறைந்தவர்களும் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களும் துளியும் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. அவர்களுக்குக் குளிர்ந்த சோடாவை அதே கிளாஸில் கொடுங்கள், வாழ்த்தில் எல்லோரும் சேர்ந்து நிற்கலாம்.

உங்கள் வீட்டுக் கிளாஸில் கோடு இருக்காது. முதல் நாளே அளவுச் சாடியில் 100 மில்லி தண்ணீர் அளந்து ஒரு கிளாஸில் விட்டு, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். ஊற்ற நிற்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கிளாஸைக் காட்டிவிடுங்கள்.