கூச்ச சுபாவமும் போராட்டமும்

வணக்கம். நான் ஆசிரியை. அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். சம்பளப் போராட்டம் என்றால் அண்ணன்தான் முதல் ஆளாக மைக்கைப் பிடிப்பார். எனக்குக் கூட்டத்தைக் கண்டாலே தொண்டை அடைத்துவிடும். 'உனக்கு நம்ம சனத்து மேல அக்கறையே இல்ல' என்கிறார். போராடவும் ஒரு சுபாவம் வேண்டுமா?
– எம்., மஸ்கெலியா

அன்புள்ள எம்.,

கூச்சப்படுகிறவருக்கு அக்கறை இல்லை என்பது பெரிய அநியாயம். சுபாவத்துக்குப் பங்கு உண்டுதான். கலகலப்பானவர்கள் ஊர்வலத்துக்குச் சுலபமாக வந்துவிடுகிறார்கள், சச்சரவுக்கு அஞ்சுகிறவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் 1964இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி போக விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களை டக் மெக்ஆடம் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். போனவர்களுக்கும் கடைசியில் பின்வாங்கியவர்களுக்கும் கொள்கைப் பற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. தெரிந்தவர்கள் கூட வருகிறார்களா என்பதே முக்கியமாக இருந்தது.

நம் பக்கமும் அப்படித்தான். பக்கத்து லயத்து அக்கா 'வா, போவோம்' என்றால் வாய் திறக்காதவளும் கிளம்பிவிடுவாள். வேலை போய்விடுமோ என்று பயந்து வராதவரைக் கூச்ச சுபாவம் என்று ஒதுக்குவதும் தப்பு.

2018இல் நம் மலையக இளைஞர்கள் 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு, கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2021இல் அந்தச் சம்பளம் அரசின் வர்த்தமானியில் வந்ததில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். அப்புறம்? பல தோட்டங்களில் 'முழுப் பேருக்கு', அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, பறிக்கக் கேட்கிற கிலோ கூடிவிட்டது. குறைந்தால் 'அரைப் பேர்', பாதிச் சம்பளம்தான். அந்த இடத்தில் கோஷம் உதவாது. தராசு எவ்வளவு காட்டியது, தண்ணீருக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையில் எத்தனை முழுப் பேர், எத்தனை அரைப் பேர் விழுந்தது என்று நாள் தவறாமல் எழுதி வைக்க ஒருத்தி வேண்டும். கணக்கு கையில் இருந்தால்தான் சங்கத் தலைவர் தோட்ட ஒப்பீஸில் போய்ப் பேச முடியும். நம் சங்கங்கள் பேசத் தெரிந்தவரையே தேடித் தேடி மேடையேற்றின, எழுதுகிறவரைக் கண்டுகொள்ளவில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம்.

அம்மாவின் பழைய சம்பளச் சிட்டைகளை எடுத்து ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள், உங்களிடம் தயங்காமல் கொடுப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தக் கொப்பியை அண்ணனிடம் காட்டுங்கள்.