எந்தச் சண்முகம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் ஓட்டியவன் நான். ஒரே பெயர்க் குழப்பம் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆங்கிலச் செய்தியில் 'பி. சண்முகம்' என்றால் யார்?

பதில்: தேதியைப் பாருங்கள். 2000, 2001 என்றால் புதுச்சேரி முதல்வராக இருந்த காங்கிரஸ்காரர். 2025 என்றால் மார்க்சிஸ்ட் கட்சியின் தமிழ்நாடு மாநிலச் செயலாளராக வந்தவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பி. தமிழில் எழுதினால்தான் பின்னவர் 'பெ.' என்று தெரியும். சட்ட அமைச்சராக இருந்த விழுப்புரத்துக்காரர் சி.வி. சண்முகம். இரண்டெழுத்து இனிஷியல் புண்ணியத்தில் அவர் தப்பித்தார்.

கேள்வி: வைத்திலிங்கம்?

பதில்: வெ. என்றால் புதுச்சேரியில் முதல்வராக இருந்தவர், ஆர். என்றால் ஒரத்தநாட்டு அரசியல்வாதி. அந்த 'வெ.' அப்பா வெங்கடசுப்பா ரெட்டியார். அவரும் முதல்வராக இருந்தவர்தான்.

கேள்வி: ஒரே பெயரில் பல பேர் தேர்தலில் நிற்பதைத் தடுக்க முடியாதா?

பதில்: முடியாது. 2024ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வரையும் சேர்த்து ஆறு ஓ. பன்னீர்செல்வம்! இனிஷியல்கூட அதே. முன்னாள் முதல்வர் பலாப்பழச் சின்னத்தைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார். அந்த மே மாதம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் விஷயம் போனது. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரை நிற்காதே என்று எப்படிச் சொல்வது என்று நீதிபதிகள் கேட்டார்கள், மனு நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டு விதிப்படி தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்டலாம். 2015லிருந்து வாக்குச்சீட்டில் வேட்பாளர் படமும் உண்டு. என்னைக் கேட்டால் படம்தான் உருப்படியான ஏற்பாடு.

கேள்வி: பாண்டிக்காரர் சிலருக்கு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் எப்படி வந்தது?

பதில்: 1881ல் ஓர் ஆணை. சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வக்கீல் பொன்னுத்தம்பி அவர்களில் ஒருவர். 1873ல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார் என்று தகராறு, பாரீஸ் வரை போய் ஜெயித்தார். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாப்போர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம்.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு வக்கீல் இருந்தால்?

பதில்: வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில், வக்கீலின் என்ரோல்மென்ட் (பதிவு) நம்பரும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றேதான். நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டேன். எங்கள் பாகப்பிரிவினை வழக்கின் கட்டு நாள் முழுக்க அதே இனிஷியல்காரரின் மேசையில், செக் கேஸ்களுக்கு நடுவே கிடந்தது. வாய்தா வாங்கிச் சமாளித்தோம். அப்புறம் எங்கள் கட்டுக்கெல்லாம் பச்சை நாடா, அவர்களுக்குச் சிவப்பு.