தோல் ஒட்டிய காலுக்கு மீன் ஆகாதா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. 2 மாதம் முன்பு லாரி டயர் ஏறி, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை. திருவனந்தபுரத்தில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இரவெல்லாம் அரிப்பு, கணுக்காலும் சரியாக மடங்கவில்லை. மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்கிறார் மாமியார். வர்ம ஆசானிடம் எண்ணெய் தேய்த்து நீவும் உழிச்சலுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: மீன் தாராளமாகக் கொடுங்கள், அம்மா. சீழ் வைப்பது கிருமியால். சாளை மீனும் முட்டையும் பயறும்தான் புதுத் தோலுக்குப் புரதம் தருகின்றன. இவ்வளவு பெரிய காயத்துக்குப் பிறகு பத்தியம் என்று வயிற்றைக் காயப்போடுவது கெடுதல். பீடி பிடிப்பவர் என்றால் அதைத்தான் நிறுத்த வேண்டும். அது தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

டயர் ஏறும்போது தோல் தசையை விட்டுப் பிரிந்து, அதற்கு ரத்தம் தரும் குழாய்கள் அறுந்துபோகின்றன. செத்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய ஏடாகத் தோலைச் சீவி எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த மெல்லிய தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் கிடையாது. அதனால் வறண்டு அரிக்கிறது. மணமில்லாத கிரீமையோ லிக்விட் பாரஃபினையோ தினமும் மூன்று நான்கு தடவை மெதுவாகத் தடவுங்கள். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

உழிச்சல் இப்போது வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் ஒட்டிய தோல் கொப்புளித்துக் கிழியும்.

எனக்குக் கவலை கணுக்கால்தான். ஒட்டிய தோல் சில மாதங்களுக்குச் சுருங்கிக்கொண்டே வரும். வலிக்கிறதே என்று அசைக்காமல் விட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும், பிறகு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். இந்த வாரமே பிசியோதெரபிக்குப் போங்கள். திருவனந்தபுரம் தூரம் என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். உள்ளங்காலில் துண்டைக் கொடுத்துத் தன் பக்கம் இழுக்கும் பயிற்சியை வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். இறுக்கம் தெரியலாம், தோல் வெடிக்கக் கூடாது. தழும்பை அழுத்திப் பிடிக்க அளவெடுத்துத் தைக்கும் அழுத்த உறை தேவையா என்றும் கேளுங்கள். தந்தால் குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் போட வேண்டும், பெரும்பாலும் ஒரு வருடம் வரை. தழும்பு வெளுத்து மென்மையாக அவ்வளவு காலம் ஆகும்.

தோட்ட வேலைக்கு அவசரப்பட வேண்டாம். அந்தத் தோலில் உணர்ச்சி குறைவு. முள் கிழித்தாலும் அட்டை கடித்தாலும் அவருக்குத் தெரியாது. டாக்டர் சம்மதித்த பிறகும் முழுக்கால் சட்டையும் பூட்ஸும் போட்டுத்தான் போக வேண்டும், வேலை முடிந்து வந்ததும் அவருடைய காலை நீங்கள் ஒருமுறை பாருங்கள். நாற்றம், காய்ச்சல், கெண்டைக்காலில் திடீர் வீக்கம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.